கால்மாட்டுப் போர்வை

"இருபத்தொண்ணுல அந்தப் பொண்ணு பேசாமத்தான் படுத்திருக்கு, அம்மாவுக்குத்தான் வலி ஜாஸ்தி" என்று ஒரு நர்ஸ் இன்னொரு நர்ஸிடம் சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவர்களுக்குப் பின்னால், ஆஸ்பத்திரி கேண்டீனில், காபிக்காக ஃபிளாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு சுலோசனா நின்றிருந்தாள். இருபத்தொன்று அவர்களுடைய அறை. பேசாமல் படுத்திருப்பவள் அவள் மகள் தமயந்தி. நர்ஸ் திரும்பினால் முகத்தைப் பார்க்க வேண்டி வரும் என்று சுலோசனா முந்திக்கொண்டு விலைப் பலகையைப் படிப்பவள் போலத் தலையைத் தூக்கிக்கொண்டாள். பொங்கல், பூரி, சாம்பார் வடை. முதலில் அந்தப் பேச்சு இதமாகத்தான் இருந்தது. தன்னையும் யாரோ கவனித்திருக்கிறார்கள், பெற்றவள் படுகிற பாட்டைப் பார்த்திருக்கிறார்கள். காபியை வாங்கி மூடியைத் திருகிப் படியேறும்போது, முதல் திருப்பத்தில், அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. இரக்கப்பட்டுச் சொல்கிறவர்கள் சிரிப்பார்களா. நேற்று கையில் ஊசி ஏற்றும்போது தமயந்தி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஸ்ஸ் என்று சத்தம் போட்டது தான்தான், ஊசி உங்களுக்கா போடுறேன், கொஞ்சம் வெளிய நில்லுங்கம்மா என்று அந்த நர்ஸ் சொல்லும்படி ஆயிற்று. அதை வைத்துத்தான் பேசுகிறார்கள். பேசட்டும். ஆனால் பேசாமத்தான் படுத்திருக்கு என்றால் என்ன அர்த்தம், வலி இல்லாதவள் போல என்றா, வலி இருந்தும் வாய் திறக்காதவள் என்றா. இரண்டாவது திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கியபோது அது தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றது, விழுங்கினாலும் போகவில்லை, இருமினாலும் வரவில்லை. ஏனென்றால் அந்தச் சந்தேகம் நர்ஸ்களுடையது மட்டும் இல்லை. அது தனக்குள்ளும் இருந்தது, அரிசியில் கிடக்கும் சின்னக் கல் மாதிரி, எத்தனை தடவை களைந்தாலும் ஒன்று மிச்சம் இருந்தது.

அறையில் ஃபேன் ஓடவில்லை. ஓடக் கூடாது. சித்திரை மாதத்துத் திருச்சி, ஜன்னல் கம்பியைத் தொட்டால் சுடுகிற வெயில், ஆனாலும் காற்று மகளின் இடது காலில் படக் கூடாது. தமயந்தி வலது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாள், இடுப்புக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு இடையில் ஒன்று. நைட்டி இடது முழங்கால் வரை மடித்து ஏற்றியிருந்தது. கட்டிலின் கால்மாட்டில் பச்சைப் போர்வை நாலாக மடிந்து கிடந்தது. சுலோசனா காபியை ஊற்றி ஆற்றினாள், மகள் தலையைத் தூக்காமல் உறிஞ்சுகுழாயில் குடித்தாள், சர்க்கரை கம்மிம்மா என்றாள், அவ்வளவுதான். அந்தக் கால். சுலோசனா பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். வீக்கம் இல்லை, காயம் இல்லை, கன்றிப்போன இடம் ஒன்று இல்லை. கொஞ்சம் பளபளப்பு கூடியிருக்கிறது, எண்ணெய் தடவினாற்போல, அவ்வளவுதான். பிறந்தபோது நர்ஸ் தலைகீழாகப் பிடித்துக் காட்டிய அதே கால், சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும், அவள் அப்பாவுக்கு இருந்ததுபோலவே. இதில் எங்கே எரிகிறது. எங்கே என்று ஒரு தடவை கேட்டுவிட்டாள். தமயந்தி பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர், அவள் பாஷையில்தான் பதில் வந்தது. லேப்ல பன்சன் பர்னர்னு ஒரு அடுப்பு இருக்கும்மா, காத்தைச் சரியா வச்சா நீலமா எரியும், சத்தமே இருக்காது, வெளிச்சத்துல தீ இருக்கிறதே தெரியாது, பிள்ளைங்க தெரியாமக் கையை வச்சிடுவாங்க. அதுக்கு மேல காலை வச்சிருக்கேன், எடுக்க முடியல. இதைச் சொன்னபோது அவள் அழவில்லை, பாடம் நடத்துகிற குரலில் சொன்னாள். சுலோசனா அன்று ராத்திரி சமையல்கட்டில் கேஸ் அடுப்பைப் பற்றவைத்துச் சின்னதாக வைத்துப் பார்த்தாள். நீலமாகத்தான் எரிந்தது. கையை நீட்டினாள், சூடு வந்ததும் இழுத்துக்கொண்டாள். இழுத்துக்கொள்ள முடிந்தது. அதற்கு மேல் அவளால் போக முடியவில்லை, பால் பொங்க வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

காலை மூடு. தமயந்திக்குத் தான் சொன்ன முதல் புத்தி அதுவாகத்தான் இருக்கும் என்று சுலோசனாவுக்குத் தோன்றியது. சாமி கும்பிடச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால், சோற்றைச் சிந்தாமல் தின்னச் சொல்வதற்கு முன்னால். பாவாடையை இழுத்து விடு, காலைச் சேர்த்து உட்காரு, பெரியப்பா வராங்க பாரு. சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்து, பிறகு வாய்க்கு வேலை இல்லாமல் கையே செய்தது. பேருந்தில் மடியில் தூங்கும் பிள்ளையின் பாவாடை விலகினால் தான் தூங்கிக்கொண்டிருந்தாலும் கை போய்ச் சரி செய்யும். கல்லூரிக்குப் போகிற பெண் ஆன பிறகும், சம்பளம் வாங்குகிற டீச்சர் ஆன பிறகும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவி பார்த்தபடி சோபாவில் தூங்கிவிட்டால் கை போகும். தூக்கத்திலேயே தமயந்தி சிரிப்பாள், போலீஸ் வந்திடுச்சு என்பாள். அவள் அப்பாவும் சிரிப்பார். அவர் இருந்தபோது அவளுடைய முதுகுவலி வெறும் முதுகுவலியாகத்தான் இருந்தது, நாள் முழுக்க நின்று பாடம் நடத்தினால் வராதா என்று தைலம் தடவினார்கள். அவர் போன மறுவருஷம் கரும்பலகைக்குக் கீழே விழுந்த சாக்பீஸை எடுக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. முதுகெலும்புத் தட்டு விலகியிருக்கிறது, நரம்பை அழுத்துகிறது, ஆபரேஷன் என்றார்கள். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு முதுகில் கத்தி வைத்தார்கள் என்று தெரிந்தால் சொந்த ஊரான துறையூரில் ஒரு ஜாதகம் வீட்டு வாசலுக்கு வராது. மைசூரில் டீச்சர்களுக்குப் பயிற்சி என்று சொல்லிவிட்டாள் சுலோசனா. எல்லோரிடமும், அவள் வீட்டுக்காரருடைய அண்ணன் கனகசபையிடமும் அவர் மனைவி வேதவல்லியிடமும்கூட. நம்ப வேண்டுமே என்று திருச்சிப் பெரிய கடைவீதியில் சந்தன சோப்பு டஜன் வாங்கி, மைசூரிலிருந்து வந்தது என்று வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தாள். வேதவல்லி முகர்ந்து பார்த்துவிட்டு, இது நம்ம மளிகைக் கடையிலயே கிடைக்குதே சுலோ, இதுக்கா அவ்வளவு தூரம் போனா என்றாள். உள் அறையில் படுத்திருந்த தமயந்தி அதைக் கேட்டுத் தையல் பிரிந்துவிடும் அளவுக்குச் சிரித்தாள். அப்போதெல்லாம் சிரித்தாள். கால் எரிச்சல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது, முதலில் எறும்பு ஊர்வது போல, பிறகு ஷாக் அடிப்பது போல, பிறகு அந்த நீலத் தீ.

இரண்டாவது தடவை முதுகில் கம்பியும் திருகும் வைத்தார்கள். மறைக்க முடியவில்லை, ஆம்புலன்ஸ் தெருவில் வந்து நின்றதை எல்லோரும் பார்த்தார்கள். அது முடிந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ கனகசபையும் வேதவல்லியும் பார்க்க வந்தார்கள். கதவு திறந்ததும் அவர்கள் உள்ளே கால் வைப்பதற்குள் சுலோசனாவின் கை போர்வையை எடுத்து உதறி, அந்தக் காலின் மேல் போட்டு, இடுப்பு வரை இழுத்து, இரண்டு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகிவிட்டது. நன்றாக, இறுக்கமாக, அவள் வீட்டில் செருகுவது போல. மூத்தார் முன்னால் தன் தோளில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டதும் மகளின் காலை மூடியதும் ஒரே அசைவாக நடந்தது, இரண்டும் வேறு வேறு என்றே அவளுக்குத் தோன்றவில்லை. வந்தவர்கள் உட்கார்ந்து, பேரனுக்குக் காது குத்துக்கு எந்த மண்டபம், கறி விருந்தா சைவமா, சமையலுக்கு யார் என்று விலாவாரியாகப் பேசினார்கள். தமயந்தி சிரித்த முகமாக ஆமா பெரியம்மா, சரி பெரியப்பா என்றாள். பிள்ளைக்குத் தேவலை போலிருக்கே, வலின்னு சொல்லவே இல்லையே என்று வேதவல்லி வாயாரச் சொன்னாள், சுலோசனாவுக்கும் அப்படித்தான் தோன்றியது, அப்பாடா என்றுகூட இருந்தது. அவர்கள் போன பிறகு போர்வையை எடுத்தபோது மகள் வாயைத் திறந்தாள், உள் உதடு கடிபட்டுப் பிய்ந்து, தலையணை உறையில் ரத்தம். அப்போதும் சுலோசனா கேட்ட முதல் கேள்வி, சொல்லியிருக்கக் கூடாதாடி என்பதுதான். தமயந்தி வாயைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த தடவை நீ வராதே என்றாள். அடுத்த தடவையே வராது என்றாள் சுலோசனா. வந்துவிட்டது. திருகு தளர்ந்திருக்கிறது, ஆறிய தழும்பு வேறு நரம்பைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, திறந்துதான் பார்க்க வேண்டும், எரிச்சல் குறையலாம், குறையாமலும் போகலாம், கூடினாலும் கூடும், நான் பொய் சொல்ல மாட்டேன் என்றார் டாக்டர். தமயந்தி இந்தத் தடவை ஏஜென்சியில் சொல்லி, கூட இருக்க ஒரு அம்மாவை ஏற்பாடு செய்துவிட்டாள். சுலோசனா பையைக் கட்டிக்கொண்டு வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் வயிற்றில் பிறந்தவள் மயக்கம் தெளிந்து கண் திறக்கும்போது சம்பளத்துக்கு வந்த யாரோ ஒருத்தியின் முகமா. கண் திறக்காவிட்டால். அந்த நினைப்பை அவள் முழுசாக நினைத்ததில்லை, அடுப்பில் கை பட்டது போல ஒவ்வொரு தடவையும் பாதியில் இழுத்துக்கொண்டாள். கடைசியில் மகள் கார் கண்ணாடியை இறக்கி ஒன்று சொன்னாள். "வா. ஆனா போர்வையில கை வைக்கக் கூடாது. ஒரு தடவை வச்சாலும் அந்த அம்மாவுக்கு போன் பண்ணிடுவேன். நீ வீட்டுக்குப் போயிடணும்."

ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலிருந்து கை வைக்கவில்லை. வார்டு பாய் தண்ணீர் கொண்டு வந்தபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். சின்ன டாக்டர்கள் கூட்டமாக வந்து கட்டிலைச் சுற்றி நின்றபோது, அதில் மீசை சரியாக முளைக்காத ஒருவன் அந்தக் காலைக் குனிந்து பார்த்தபோது, முந்தானை நுனியை விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டாள், விரல் நீலம் பாய்ந்தது. பத்துக்கு எத்தனை வலி என்று அவன் கேட்டான். எட்டு என்றாள் தமயந்தி, என் பிள்ளைங்க இவ்வளவு எடுத்தா பரவாயில்ல என்றாள், அவன் சிரிக்கலாமா கூடாதா என்று விழித்தான். எட்டா. சுலோசனாவுக்கு அந்த எண் வந்து வந்து போனது. தனக்குப் பிரசவத்தில் எத்தனை இருந்திருக்கும், யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள், சொல்லத்தான் விட்டிருப்பார்களா, வாயில் துணியைக் கொடுத்தார்கள். கத்தாதே, வெளியே ஆண்கள் இருக்கிறார்கள் என்றார்கள். அவளும் கடித்துக்கொண்டுதான் பெற்றாள். கடித்துக்கொள்வதுதான் பெண்ணுக்குப் பெருமை என்று அன்று நினைத்தாள், பிறகு நினைத்ததை மறந்தாள், ஆனால் மறந்தது போய்விடவில்லை, மகளின் உதட்டில் போய் உட்கார்ந்திருக்கிறது. நாளைக் காலையில் கூட்டிப் போவார்கள். தள்ளுகட்டில் இரட்டைக் கதவுக்குள் போகும், கதவு இரண்டு தடவை ஆடி நிற்கும், அதற்குப் பிறகு அவள் பார்க்கப்போவது அந்தக் கதவில் ஒட்டியிருக்கும் செருப்பு அணியக் கூடாது என்ற படம்தான். அந்தப் படத்தையே போன தடவை மத்தியானம் வரை பார்த்திருக்கிறாள். அந்தச் செருப்புக்கு வார் அறுந்திருந்தது போல வரைந்திருந்தார்கள். இல்லை, அறுந்திருக்கவில்லை, குறுக்கே சிவப்புக் கோடு. தமயந்தி கண்ணை மூடியிருந்தாள், தூங்கவில்லை, இமை துடித்தது. "பெரியப்பா போன் பண்ணினாங்க. நாலு மணிக்கு மேல வராங்களாம்" என்றாள் கண்ணைத் திறக்காமல். வர வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே என்றாள் சுலோசனா. நீ சொல்லேன் என்றாள் மகள். சுலோசனா ஃபிளாஸ்க்கைக் கழுவினாள். ஏற்கெனவே கழுவியதுதான்.

அவர்கள் வந்தபோது சாத்துக்குடிப் பையும் வேதவல்லியின் குரலும் முதலில் உள்ளே நுழைந்தன. சுலோசனா சட்டென்று எழுந்து முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, கட்டிலின் இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கனகசபை வாசலை ஒட்டி நின்றார், கட்டிலைப் பார்த்தார், பார்த்த வேகத்தில் ஜன்னலைப் பார்த்தார். எப்படிம்மா இருக்கே என்று ஜன்னலிடம் கேட்டார். இருக்கேன் பெரியப்பா. வேதவல்லி தமயந்தியின் நெற்றியில் திருநீறு பூசி, உடம்பு இளைத்துவிட்டது என்றும் மாத்திரையால் ஊதியிருக்கிறது என்றும் ஒரே மூச்சில் சொன்னாள், நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டாள். "என்ன சுலோ, ரூம் அடுப்படி மாதிரி இருக்கு. ஃபேன் போடலையா?" ரிப்பேர் அக்கா என்று சுலோசனாவின் வாயிலிருந்து வந்துவிட்டது. யோசித்து வரவில்லை, மைசூர் வந்தது போலவே வந்தது. தமயந்தி ஒரு தடவை அம்மாவைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். கனகசபைக்கு அப்போதுதான் அந்த அறையில் தனக்கு ஒரு வேலை கிடைத்தது. மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாண வீட்டில் பல்பு எரியாவிட்டாலும் சாப்பாட்டிலிருந்து எழுந்து போகிறவர். இவ்வளவு வாங்குறானுவ, ஒரு ஃபேனை ஓட விட மாட்டானுவளா, ரெகுலேட்டர்தான் போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டே சுவிட்சைப் போட்டு, குமிழைக் கடைசி வரை திருகினார். வேண்டாம் என்று சொல்ல சுலோசனா வாயைத் திறந்தாள், அவர் முன்னால் இத்தனை வருஷத்தில் நேராக ஒரு சொல் சொன்னதில்லை, எதுவானாலும் வேதவல்லியிடம் சொல்வாள், வேதவல்லி சொல்வாள், அந்தப் பழக்கத்தில் அக்கா என்று மட்டும் வந்தது. ஃபேன் ஒரு சுற்று சுற்றியது, இன்னொன்று, பிறகு அறை முழுக்கக் காற்று. காலண்டர் படபடத்தது. ஓடுதே என்றார் கனகசபை.

சுலோசனா காலைப் பார்த்தாள். பார்க்க ஒன்றும் இல்லாத அந்தக் கால். விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன, ஏறி உட்கார்ந்திருந்த சுண்டுவிரல்கூடத் தனியாகப் பிரிந்து நின்றது, கெண்டைக்கால் சதை தோலுக்குள் எலி ஓடுவது போல ஓடியது, ரோமம் முழுதும் குத்திட்டு நின்றது. யாரும் தொடவில்லை. மேலே பார்த்தாள், மகளின் முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது, ஆமா பெரியம்மா சிரிப்பு, கீழ் உதடு மட்டும் மெதுவாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. "அதை நிறுத்துங்க" என்றாள் சுலோசனா. கனகசபை திரும்பினார், தன்னிடம்தானா என்று புரியாதவர் போல மனைவியைப் பார்த்தார். "உங்களத்தான் மாமா. ஃபேனை நிறுத்துங்க. ரிப்பேர் இல்ல, நல்லாத்தான் இருக்கு. காத்து பட்டா அவளுக்கு எரியும்." அவர் கை தானாகச் சுவிட்சுக்குப் போனது. இறக்கைகள் நின்று அடங்கின. காத்துக்கா எரியும், இது என்ன அதிசயமா இருக்கு என்று வேதவல்லி எழுந்து வந்து காலைக் குனிந்து பார்த்தாள், முன்னும் பின்னும் பார்த்தாள், நிமிர்ந்தாள். கெட்ட மனசு இல்லை அவளுக்கு, தமயந்தியைத் தூக்கி வளர்த்தவள்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, சுலோசனாவுக்கு மட்டும் கேட்கிறாற்போல, ஆனால் எல்லோருக்கும் கேட்கிறாற்போலச் சொன்னாள். "சரி, இருக்கட்டும். அதுக்காக முழங்கால் தெரியவா படுத்திருப்பா? பெரியவரு நிக்கறாரு. காலுக்குப் போர்வையைப் போட்டு விடு."

போட்டு விடு என்று அவள் சொல்லி முடிக்கும்போது போர்வை ஏற்கெனவே சுலோசனாவின் கையில் இருந்தது. எப்போது எடுத்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஃபேன் சுற்றியபோதா, அதற்கும் முன்னால் கதவு திறந்தபோதேயா. மடிப்பு பிரிந்து ஒரு முனை தரையில் தொங்கியது, மறுமுனை மகளின் பாதத்துக்கு ஒரு சாண் மேலே ஆடிக்கொண்டிருந்தது. தமயந்தி அந்த முனையைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் கையைப் பார்த்தாள். தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த போனின் மேல் அவள் விரல்கள் போய் உட்கார்ந்தன.

சுலோசனா போர்வையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மார்போடு சேர்த்துச் சுருட்டினாள், தொங்கிய முனையையும் வாரிச் சுருட்டினாள். முந்தானை தோளிலிருந்து நழுவியது, அதைப் பிடிக்கக் கை இல்லை. வேதவல்லியைத் தாண்டி, கனகசபையைத் தாண்டி, கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு போன பெண்ணை நிற்கச் சொல்லி, சுருட்டியதை அதற்குள் போட்டாள்.